இடோவுக்குப் படம் இல்லை

பழைய படக் காப்பகத்தின் ஆண்டு மலருக்காக அபெனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் அதை நடத்துகிற ஒலோபடே மேடம். "ஆறு மாசம் ஒரே மேசையில அவளோட உக்காந்தவ நீ. உன்னைவிட யாருக்கு அவளைத் தெரியும்?" என்றார். மேடத்துக்குப் படங்களைத் தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியாது. தெரிந்திருந்தால் இபாடான் நகரத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருப்பார், என்னிடம் கேட்டிருக்க மாட்டார். கேட்டுவிட்டாரே என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அபெனி பொறுமைசாலி, அடக்கமானவள், வேலையில் கெட்டிக்காரி என்று சர்க்கரை தூவிக் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மலருக்குப் போகாத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், வயிறு எரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அபெனி என்றால் எங்கள் யொருபா மொழியில் 'வேண்டிக் கேட்டு வாங்கியவள்'. அவளுடைய அப்பா அம்மா லேகோஸில் இருக்கிற ஒரு தேவாலயம் விடாமல் முழங்கால் தேய மண்டியிட்டு, வருடக்கணக்காகக் காத்திருந்து பெற்ற பிள்ளை. பெயரைச் சொல்லும்போதே தலையில் தூக்கி வைத்து ஆடியது தெரிகிறதல்லவா. என் பெயரைப் பாருங்கள். இடோவு. இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், இந்தப் பெயர்தான். யாரும் உட்கார்ந்து யோசித்து வைப்பதில்லை. போதாக்குறைக்கு, எங்கள் மொழியில் 'ஓவு' என்றால் பொறாமை. இடோவு என்ற பெயருக்குள்ளேயே பொறாமை உட்கார்ந்திருக்கிறது என்று பெரே பகுதிப் பிள்ளைகள் என்னைத் துரத்தித் துரத்திக் கேலி செய்வார்கள். நானும் கல்லை எடுத்துக்கொண்டு துரத்தினேனே தவிர, அது பொய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு முன்னால் பிறந்த இரட்டையர் டைவோவும் கெஹிண்டேயும். நான் பிறக்குமுன்பே 'பயணம் போய்விட்டார்கள்'. இரட்டையர் செத்தார்கள் என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எப்போது போனார்கள், எந்த வயதில் போனார்கள் என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. போனவர்கள் போனார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில், கறுப்பு வெள்ளைப் படத்தில், ஒரே சோபாவில், ஒரே பூப்போட்ட கவுனும் ஒரே மணிமாலையும் போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். பண்டிகை என்றால் அம்மா பயறு வேகவைத்து, செம்பனை எண்ணெய் ஊற்றி, முதல் தட்டைக் கொண்டுபோய் அவர்களுக்குக் கீழேதான் வைப்பார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், 'இன்னாருடைய அம்மா' என்று. என் அம்மா தெரு முழுக்க 'இயா இபேஜி', அதாவது இரட்டையர் அம்மா. நான் ஒருத்தி குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கும்போதும் எதிர்வீட்டுக்காரி "இயா இபேஜி" என்றுதான் கத்துவாள்.

சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்.

"அம்மா, என் படம் எங்கே?"

"இடோவுக்குப் படம் இல்ல. போய்க் கையைக் கழுவிட்டு வா."

அவ்வளவுதான் பதில். நூலகப் படிப்பு முடித்துவிட்டு டுக்பே சந்தையில் ஒரு தட்டச்சுக் கடையில் பத்து வருடம் குப்பை கொட்டினேன். மொக்கோலாவில் பழைய ஸ்டூடியோப் படங்களைச் சேர்த்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பாதுகாக்கிற காப்பகம் ஒன்று பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் விழுந்தடித்து ஓடினேன். ஆறு மாதம் பயிற்சி, போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மட்டும் காசு. முடிவில் ஒருவருக்கு நிரந்தர வேலை. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அடுத்த தடவை என்று ஒன்று எனக்குக் கிடையாது. இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் டுக்பேயில் அடுத்தவர் விண்ணப்பத்தை அடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

முதல் நாள் போனால் பக்கத்து நாற்காலியில் அபெனி. இருபத்து நான்கு வயது. என்னைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு முழங்காலும் சிமெண்டில் பட மண்டியிட்டு, "வணக்கம் இடோவு அக்கா" என்றாள். லேகோஸ்காரி, பெயருக்கு ஒரு காலை மடக்கிவிட்டு எழுந்திருப்பாள் என்று பார்த்தால், எங்கள் பாட்டன் காலத்து மரியாதை. மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. என்னை அக்கா அக்கா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கூப்பிட்டாள். அவள் கூப்பிடக் கூப்பிட எனக்கு வயது கூடியது.

அதோடு விட்டாளா. சொந்தமாகப் பஞ்சுக் கையுறை கொண்டுவந்தாள். வீட்டிலிருந்து, அரைத்த பயறை இலையில் கட்டி மொய்ன்மொய்ன் அவித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். வாயில் வைத்தால் கரைந்தது, அதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் போனால் நாங்கள் எல்லாம் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு விசிறிக்கொள்வோம். அவள் சன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து, தூசியை ஊதிக்கொண்டிருப்பாள்.

"அபெனியைப் பாருங்க, கரண்ட் போனாலும் கை நிக்கல" என்பார் மேடம்.

"கரண்ட் வந்தா என் கையும் ஓடும் மேடம்" என்பேன்.

"உன் கை ஓடும் இடோவு. அதான் எனக்குப் பயம்" என்று சிரிப்பார்.

ஐந்தாம் மாதம் அயின்லா ஸ்டூடியோவின் பெட்டி வந்தது. அயின்லா பெரேயில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தவர். ஊரெல்லாம் கலருக்கு மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். அவர் போன பிறகு மகன் நெகட்டிவ்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். மேடம் அதை இரண்டாகப் பிரித்து எங்கள் முன் வைத்தார்.

"சேமிச்சு வெக்கிறதுக்கு இடம் ரொம்பக் கம்மி. ஒரே படம் ரெண்டு இருந்தா ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை விட்டுடுங்க. இதை வெச்சுத்தான் வேலை யாருக்குன்னு சொல்லப்போறேன்."

விதியைப் போட்டவர் அவர்தான், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்து ஏற்றினால், ஒரே மாதிரி இருக்கிற படங்களைக் கம்ப்யூட்டரே ஜோடி ஜோடியாகக் கண்டுபிடித்துக் காட்டும். நான் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிவு ஃபோல்டருக்குத் தள்ளினேன். கை பறந்தது. என் பாதி மளமளவென்று முடிந்துகொண்டே வந்தது, அவளுடையது அப்படியே கிடந்தது. அந்த வாரம்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

"அக்கா, ஒரு சந்தேகம்" என்றாள் அபெனி. "இந்தக் குழந்தை ஏன் சோபாவோட ஓரத்துல உக்காந்திருக்கு? இன்னொரு பாதி சும்மா கெடக்கு."

"படம் எடுக்கத் தெரியாதவன் எடுத்திருப்பான்."

"அடுத்த நெகட்டிவ்ல அதே குழந்தை அந்தப் பக்கத்து ஓரத்துல இருக்கே."

"ரெண்டும் ஒண்ணுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதா இல்லையா?"

"சொல்லுதுங்க அக்கா."

"அப்ப ஒண்ணை விட்டுட்டுப் பொழப்பப் பாரு. லேகோஸ்ல இதையெல்லாம் உக்காந்து ஆராய நேரம் இருக்கும்மா. எங்களுக்கு இல்ல."

"சரிங்க அக்கா" என்றாள். ஆனால் விடவில்லை. அந்த இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டினாள். சோபாவின் இரண்டு பாதியும் நடுவில் கச்சிதமாகச் சேர்ந்தன. ஒரு குழந்தை இரண்டு குழந்தையாகி, ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

தேநீரோடு வந்த மேடம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது இபேஜிப் படம்" என்றார் மெதுவாக. "எங்க அத்தை வீட்டுல பாத்திருக்கேன். ரெட்டையில ஒண்ணு பயணம் போயிட்டா, இருக்கிற பிள்ளையை ரெண்டு தடவ உக்கார வெச்சு எடுப்பாங்க. ரெண்டு நெகட்டிவையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல அடிச்சுக் குடுப்பாங்க. சுவத்துல ரெண்டு பேரும் இருப்பாங்க. நானே மறந்துபோயிட்டேன் பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பாதியில இப்படி ஜோடி இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். நீங்க சொன்ன மாதிரி ஒண்ணை விட்டுட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"பேரே இடோவு" என்றார் மேடம். "உனக்குமா தெரியல?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆச்சரியப்பட்டுக் கேட்டார். இரட்டையரின் முதுகுக்குப் பின்னால் பிறந்து, அவர்கள் படத்துக்குக் கீழேயே வளர்ந்த எனக்குத் தெரியாதது, நேற்று லேகோஸிலிருந்து வந்தவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குள் புகைந்த புகையில் ஒரு கூடை மீனைச் சுட்டிருக்கலாம்.

மேடம் முடிவை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார். நான் தள்ளியதையெல்லாம் திரும்ப எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும், அபெனி கூட இருந்து உதவ வேண்டும். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு இபேஜிப் படத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் இருப்பது யார், என்ன கதை என்று விளக்க வேண்டும். யார் சரியாக விளக்குகிறார்களோ அவருக்கு வேலை.

அபெனி என் கழிவு ஃபோல்டரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடியைச் சேர்த்ததும் என் கை நின்றுவிட்டது. பூப்போட்ட கவுன். மணிமாலை. அந்தச் சோபா. எங்கள் வீட்டுச் சுவர். டைவோவும் கெஹிண்டேயும்.

இரண்டும் ஒரே குழந்தை. சுவரில் எத்தனை வருடம் பார்த்திருப்பேன். இரட்டையர் ஒரே மாதிரி இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அப்படியானால் படம் எடுத்தபோது ஒருத்தி உயிரோடு இருந்திருக்கிறாள். எவள் என்று பார்க்க இரண்டு முகத்தையும் திரை நிறையப் பெரிதாக்கினேன். பக்கத்திலிருந்து அபெனியின் மூச்சு கேட்டது.

"அக்கா" என்றாள். "உங்க காது."

தவழ்கிற வயதில் பக்கத்து வீட்டு ஆடு என் இடது காது நுனியைக் கடித்துவிட்டது. இன்றைக்கும் தோடு போட்டால் கோணலாகத்தான் தொங்கும். திரையில் இரண்டு குழந்தைக்கும் இடது காது நுனி இல்லை. சுவர்ப் படம் சின்னது, மங்கியது. அதில் காது தெரியாது.

என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே கண்டுபிடிப்பு அது. அதையும் அவளே கண்டுபிடித்தாள்.

அன்றைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"அம்மா, சுவத்துல இருக்கிறது யாரு?"

"உன் அக்காங்க."

"அயின்லாவோட நெகட்டிவ் எங்க ஆபீசுக்கு வந்திருக்கும்மா. காதைப் பாத்துட்டேன்."

அம்மா பயறைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே பேசினார்.

"அவங்க கெளம்பினப்போ ஒக்காரக்கூடப் பழகல. எந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் படம் எடுக்கிறது? இபேஜிக்கு வீட்டுல எடம் இல்லாம விட்டா நல்லதா? நீ பொறந்து வளர வளர அச்சு அசல் அதே மூஞ்சி. அவங்களுக்குத் தெச்சு வெச்ச துணியில கவுன் தெச்சுப் போட்டு, உன்னைத் தூக்கிட்டுப் போனேன். மொதல் தடவ டைவோவுக்காக உக்கார வெச்சேன், ஊரைக் கூட்டி அழுதே. ரெண்டாவது தடவ கெஹிண்டேவுக்காக. பெரிய மனுஷியாட்டம் உக்காந்தே."

"அப்ப என் படம்?"

"உன்னை எதுக்குத் தனியா எடுக்கணும்? நீதான் நடமாடிட்டு இருக்கியே. வீட்டுல இல்லாதவங்களுக்குத்தானே படம் வேணும்."

அம்மாவே மேலே கேட்டார்.

"பண்டிகைக்கு அங்க வெக்கிற முதல் தட்டு. ஆறினப்புறம் அதைச் சாப்பிட்டது யாரு?"

"நான்தான். அவங்க மிச்சம்னு நெனச்சுச் சாப்பிட்டேன்."

"மிச்சம்னு நீயா நெனச்சுக்கிட்டே" என்றார் அம்மா. பிறகு முதன்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். "உங்க ஆபீஸ்ல இதைச் சொல்லப்போறியா?"

சொன்னால் வேலை எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். இருக்கிற இரட்டைப் பிள்ளையை இரண்டு தடவை எடுத்த படம் அந்தப் பெட்டியில் எத்தனையோ உண்டு. இரண்டுமே இல்லாமல் போய், அடுத்துப் பிறந்தவளை உட்கார வைத்த படம் இது ஒன்றுதான். அதில் உட்கார்ந்தவளே எழுந்து வந்து சாட்சி சொல்கிறாள். மேடம் ஆடிப்போய்விடுவார்.

"சொன்னா கம்ப்யூட்டர்ல ஏறும். பெரே முழுக்கப் பாக்கும்" என்றார் அம்மா. "இயா இபேஜி வீட்டுச் சுவத்துல இபேஜியே இல்லன்னு சொல்லுவாங்க. வேலை வேணும்னா சொல்லிக்கோ. உன் மூஞ்சி, உன் இஷ்டம். நான் தடுக்கல."

தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை முதலில் அபெனி விளக்கினாள். தன் பாதியிலிருந்து ஒரு படத்தை எடுத்து, எந்தப் பக்கம் முதலில் எடுத்தது, நடுவில் எங்கே சேர்த்தார்கள் என்று அழகாகச் சொன்னாள். பிறகு என் முறை. என் படத்தைத் திரையில் போட்டேன்.

"யாரு இவங்க?" என்றார் மேடம்.

அபெனி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிடலாம், அல்லது தானே சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் செய்யாமல், முடிவை எனக்கே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நல்ல குணத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"டைவோ, கெஹிண்டே" என்றேன். "பெரே. என் அக்காங்க."

"இருக்கிறது எது, போனது எது?"

"அப்ப ரெண்டு பேரும் இருந்தாங்க மேடம். ரெண்டு பேரும் உக்காந்து எடுத்த படம்."

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெருங்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே பிள்ளைன்னு பளிச்சுன்னு தெரியுதேம்மா. இந்த வாரம் பூரா இதைத்தானே பாத்தோம்? இன்னும் கண்ணு பழகலையே உனக்கு."

"எங்க வீட்டுல அப்படித்தான் மேடம் சொல்லுவாங்க."

"வீட்டுல சொல்றதை வெச்சுக் காப்பகம் நடத்த முடியாது இடோவு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வேலை அபெனிக்கு. அவள் மண்டியிட்டு நன்றி சொன்னாள், முதலில் மேடத்துக்கு, அப்புறம் எனக்கு. எனக்கு ஏன் என்று மேடம் கேட்டதற்கு, "அக்காகிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றாள். இப்போது அந்த நாற்காலி அவளுடையது. சன்னல் பக்கம், மின்விசிறிக்குக் கீழே. என் படத்துக்கு அடியில் நான் சொன்னபடியே டைவோ, கெஹிண்டே என்று பதிந்திருக்கிறாள். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் டுக்பேயில் பழையபடி தட்டச்சுக் கடையில் இருக்கிறேன். காப்பகத்தைத் தாண்டிப் போகிற டாக்சியில் ஏறமாட்டேன், சுற்றித்தான் போவேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில்தான் நின்றார்.

"வேலை?"

"அந்த லேகோஸ் பொண்ணுக்கு."

"படத்துல யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அக்காங்கன்னு சொன்னேன்."

அம்மா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூட வாங்கியதில்லை. அதற்குள் எதிர்வீட்டுக்காரி வேலியில் துணி காயப்போட்டுக்கொண்டே வழக்கம்போலக் கத்தினாள்.

"இயா இபேஜி, பொண்ணுக்கு வேலை கெடைச்சிருச்சா?"

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"என்னை இயா இடோவுன்னு கூப்புடு, சொல்றேன்."